மண்ணில் கீறிய எட்டு

ஸ்ரீவித்யாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் லைசென்ஸ் டெஸ்ட். எட்டுப் போடும்போது காலை ஊன்றியதால் ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில்.

குத்துக்கல்வலசை மைதானத்தில் ஸ்கூட்டரைத் திருப்பினாள். மறுபடியும் கால் தரையில் பட்டது.

"எத்தனை தடவ சொல்லுதேன் மேடம்! கீழ பாக்காதீங்க, தூரத்தைப் பாருங்க" என்றார் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பலவேசம்.

"நீங்க சொல்றது காதுல விழுது அண்ணாச்சி. கால்தான் கேக்க மாட்டேங்குது." வண்டியை விட்டு இறங்கினாள். "விட்டுருங்க. எனக்கு வராது."

பலவேசம் சற்று யோசித்தார். குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் பெரிதாக ஒரு எட்டைக் கீறினார்.

"வண்டி வேண்டாம். இதுமேல நடங்க."

எரிச்சலோடு நடந்தாள். பத்தாவது சுற்றில் உடம்பு தானாகவே சாய்ந்து திரும்பியது. பிறகு வண்டியில் ஏறினாள். கால் ஊன்றாமலே எட்டு முழுசாக வந்துவிட்டது.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க அண்ணாச்சி?"

"என் மக முத்துசெல்விக்கு எழுத்தே மண்டையில ஏறல. வடகரையில ஒரு வாத்தியார் மண்ணுல எழுத்தைக் கீறி, அதுமேல நடக்க வச்சாரு. இப்பம் கதைப் புஸ்தகமே வாசிக்கா."

"முன்னால படிச்ச ஸ்கூல்ல சொல்லித் தரலையா?"

"தந்தாங்க. பொறவு, 'இவளுக்குப் படிப்பு வராது, வேற ஸ்கூல் பாருங்க'ன்னுட்டாங்க."

ஸ்ரீவித்யாவுக்குக் கோபம் வந்தது. "சின்னப் பிள்ளையப் போய் அப்படிச் சொன்னது யாரு?"

பலவேசம் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டார்.

"நீங்கதான் டீச்சர்."