விளக்கு ஆறட்டும்

“ஏதோ கருகுற வாடை வருதே” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, நான் நாலாவது படம் எடுத்தவுடனேயே.

எனக்குச் சுருக்கென்றது. தைவானின் தைனான் நகரத்தில் கல்யாணப் படம் எடுக்கும் கடை தெருவுக்கு நாலு இருக்கிறது. கலர் வெளிச்சத்தில் வேண்டும் என்றால் மட்டும் என்னைத்தான் தேடி வருவார்கள். ஃப்ளாஷுக்கு முன்னால் மாட்டுகிற கலர் ஜெலட்டின் தாள் இந்தப் பதினோரு வருஷத்தில் ஒன்றுகூட என்னிடம் கருகியதில்லை.

“வாடை எதுவும் இல்லையேம்மா. பாருங்க, தாள் கண்ணாடியில ஒட்டவே இல்ல. ரெண்டு விரக்கடை தள்ளித்தான் மாட்டியிருக்கேன். பவரும் கால்வாசிதான். சூடே ஏறாது.”

“எனக்கு வருதும்மா. அணைச்சிடு. பத்து நிமிஷம் ஆறட்டும். பெய்ஷான், நீயும் உக்காரு.”

மணப்பெண் பெய்ஷான் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தாள். மாமியார் பையிலிருந்து குடுவையை எடுத்து அவளுக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை செங்ஹான் போனில் மூழ்கினான்.

இவர்கள் கல்யாணம் பதிவாகி நாலு மாதம் ஆகிறது. விருந்துக்கு இன்னும் மூன்றே வாரம். மண்டப வாசலில் ஆளுயரப் படம் நின்றாக வேண்டும். அதற்கு இன்றைக்கு ஐந்து மணிக்குள் நான் எடுத்து முடிக்க வேண்டும். ஐந்தரைக்கு அடுத்த ஜோடி வந்துவிடும். இந்த அம்மாவோ விளக்கை ஆற வைத்துக்கொண்டிருக்கிறார்.

மறுபடி ஆரம்பித்தேன். ஐந்து படம்கூட ஆகியிருக்காது.

“இப்பவும் வருது.”

“அம்மா, சும்மா இரேன்” என்றான் செங்ஹான்.

“உனக்கு என்னடா தெரியும்? தீப்பிடிச்சாலும் போனைப் பார்த்துட்டுதான் நிப்ப. எல்லாரும் உக்காருங்க.”

மூன்றாவது தடவை அவர் குரல் வரவேற்பறை வரைக்கும் போய்விட்டது. முதலாளி கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“என்ன, கருகிடுச்சா?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. தாளைக் கழற்றி அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

“நீங்களே தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்கு.”

அவர் ஒரு விரலால் தொட்டார். சட்டென்று கையை உதறிக்கொண்டார்.

“அம்மாடி, என்னமா சுடுது.”

வாய் கூசாமல் இப்படியும் ஒருத்தர் பொய் சொல்வாரா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. மருமகள் முன்னால் அதிகாரத்தைக் காட்ட என் விளக்குதானா கிடைத்தது?

உடை மாற்றும் அறையில் கவுனின் பின்பக்கத்தைக் கட்டிவிடும்போது பெய்ஷான் மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, அத்தை மேல கோவப்படாதீங்க. வயசாகுதுல்ல, இல்லாத வாடை எல்லாம் வருது போல. அவங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் நானும் உக்காருன்னதும் உக்காந்துடறேன்.”

தங்கமான பெண். இவளுக்குப் போய் இப்படி ஒரு மாமியார்.

இன்னும் இரண்டு தடவை விளக்கு ஆறியது. நான் ஓட்டமும் நடையுமாக எடுத்துத் தள்ளினேன். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம், நடுவில் பெய்ஷானின் சிரிப்பு. ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது வாசல் படம் கிடைத்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

மாப்பிள்ளையும் பெண்ணும் உடை மாற்றப் போனார்கள். நான் ஒயர்களைச் சுருட்டிவிட்டுத் திரும்பினால், அந்த அம்மா என் தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூலையைப் பிடித்து, நடுவில் மெல்லிய காகிதம் வைத்து, அடர்ந்த நிறத்தைத் தனியாகவும் வெளிறியதைத் தனியாகவும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நானே அவ்வளவு நேர்த்தியாக அடுக்க மாட்டேன்.

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

“கோயில் நாடகக் குழுவுல இருபத்தாறு வருஷம் விளக்குக்குத் தாள் மாத்தினவம்மா நான். ஒவ்வொரு விளக்கும் ஆயிரம் வாட்ஸ். கொஞ்சம் அசந்தா பொசுங்கிடும். அந்த வாடை எனக்குத் தெரியாதா?”

“அப்ப இன்னிக்கு வந்தது?”

“ஒண்ணும் வரல. உன் வேலை சுத்தம்.”

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“பின்ன எதுக்கும்மா என் மானத்தை வாங்கினீங்க?”

“போறப்ப உன் முதலாளிகிட்ட என் மூக்குதான் பழுதுன்னு சொல்லிட்டுப் போறேன், போதுமா? இனிமே கல்யாணம்னு யார் கேட்டாலும் உங்கிட்டதான் அனுப்புவேன்.”

“அது சரி. காரணத்தைச் சொல்லுங்க.”

அவர் உடை மாற்றும் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வயித்துல ஒண்ணு தங்கினா, மூணு மாசம் முடியற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாததா? அவளும் சொல்லல, நானும் கேக்கல. காலையில சோயாப் பாலைப் பார்த்ததும் அவ மூஞ்சி போன போக்கே சொல்லிடுச்சு. இன்னும் பத்து நாள் இருக்கு. அதுவரைக்கும் அவளை உக்கார வைக்கணும்னா, உன் விளக்கு கருகித்தானேம்மா ஆகணும்?”