பக்கத்து சீட் விமர்சனம்

"கேமரா சுமார், லாத்தா. போன வாரம் வந்த படமும் இப்படித்தான். செகண்ட் ஆஃப் ஒரே இழுவை."

மும்பை வடாலா தியேட்டரில் பைசான் தன் அக்கா ஆஸியாவின் காதில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

"உன் கருத்த யாருல கேட்டா?" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

முன்சீட்டுக்காரர் எரிச்சலுடன் திரும்பி, பேசாமல் உட்காரும்படி இந்தியில் அதட்டினார். "அரே பாய், சுப் பைட்டோ!"

பைசான் கோபத்தில் வாயை இறுக மூடிக்கொண்டான்.

திரையில் வசனம் நின்றது. சுற்றிலும் விசும்பல் கேட்டது. ஆஸியா தம்பியின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏல, எல்லாரும் அழுறாவ, நீ சும்மா இருக்க! படத்துல என்ன நடக்குன்னு சொல்லத்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்?"

முன்சீட்டுக்காரர் மறுபடியும் திரும்பினார். அவள் மடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோலைப் பார்த்தார்.

"சொல்லு தம்பி, சத்தமாவே சொல்லு," என்றார், இப்போது தமிழில். "கருத்து மட்டும் வேண்டாம்."