எட்டு மணி மாமியார்

"ஏழு மணி சீரியல் ஒரே அழுகை. பாட்டுப் போட்டி நடுவர்களுக்குக் காதே கிடையாது. ஆனா இந்த எட்டு மணி சீரியல் மாமியார் இருக்காளே, சரியான ராட்சசி!" டி.வி. முன்னால் பொரிந்து தள்ளினாள் மாமியார்.

"ஏன் அத்தை?" சாப்பிட்டுக்கொண்டே மருமகள் கேட்டாள்.

"மருமகளை ஒரு வாய் நிம்மதியா சாப்பிட விடுறாளா, பாரு! சரி சரி, எனக்கு ஒரு காபி கொண்டா, அப்புறம் சாப்பிடலாம்."

மருமகள் கை கழுவிவிட்டுக் காபி போட்டு வந்தாள்.

"சூடே இல்ல. உங்க வீட்ல இப்படித்தான் குடிப்பாங்களா?"

மருமகள் தன் அறைக்குப் போனாள். மாமியாரைப் பொறுத்தவரை அவள் பார்ப்பது ஏதோ கம்ப்யூட்டர் வேலை. லேப்டாப்பைத் திறந்து, அடுத்த வார எட்டு மணி சீரியலுக்கு வசனம் அடித்தாள்: 'மாமியார்: சூடே இல்ல. உங்க வீட்ல இப்படித்தான் குடிப்பாங்களா?'

ஹாலிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, இந்த ராட்சசி எப்பதான் திருந்துவா?"

"அது உங்க கையிலதான் இருக்கு அத்தை."