தானப் பெட்டியில் போட்ட கண்ணாடி

போர்வெல் வண்டி ஓட்டும் குணசீலன் கண்ணுக்கு லேசர் செய்து பத்து நாளாகிவிட்டது. தூரத்தில் வரும் ராசிபுரம் பஸ்ஸின் போர்டைக்கூட இப்போது வெறுங்கண்ணால் படித்தான். மகள் யுவஸ்ரீ மட்டும் மடியில் உட்கார்ந்தாலும் மங்கலாகவே தெரிந்தாள். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டும் அவள் முகம் தெளியவில்லை.

“கண்ணுல ஒரு குறையுமில்லீங்க” என்றார் டாக்டர்.

ஆபரேஷனன்று அவள் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு கூடவே வந்திருந்தாள். அன்றுதான் பழைய கண்ணாடியை ஆஸ்பத்திரியின் தானப் பெட்டியில் போட்டான். இன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதே பெட்டியின் முன்னால் நின்று அழுதான்.

“என்ற கண்ணாடியக் குடுத்துருங்க சிஸ்டர். எம் புள்ள மூஞ்சியப் பார்த்துப் பத்து நாளாச்சுங்க.”

நர்ஸ் பெட்டியைத் திறந்தாள். ஒடிந்த காம்பில் அவன் செம்புக் கம்பி சுற்றிய கண்ணாடி அடியில் கிடந்தது. அவசரமாக மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரியே மங்கலாகிப்போனது. யுவஸ்ரீ மட்டும் பளிச்சென்று தெரிந்தாள். வாசலுக்கு வெளியே, சாலையின் எதிர்ப்புறத்தில், அழுக்கேறிய மஞ்சள் கவுனோடு நின்று அவனைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

“ஊட்டுக்குப் போலாங்கப்பா” என்று, அவன் பிடித்திருந்த கை இழுத்தது.