ஒருவர் மட்டும் விழுந்த சத்தம்

நிரோஜன் மூன்றாவது விரலையும் மடக்கினான்.

தண்ணீரில் விழுந்த சத்தம் ஒன்றுதான் கேட்டது.

அவள் வள்ளத்தின் விளிம்பிலேயே இருந்தாள். முதுகில் சிலிண்டர். காலில் துடுப்பு. கையில் நீண்ட குழாய் பூட்டிய ஊசி, அதற்குள் வினாகிரி. நீர்க்கண்ணாடியைக்கூட இறக்கியிருந்தாள். உடல் பின்னால் சாய ஆயத்தமாகத்தான் இருந்தது.

சாயவில்லை.

எதிரெதிர் விளிம்பில் இருந்து இருவரும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஒருவர் முந்தினால் வள்ளம் ஆடும். இப்போது ஆடியது.

கீழே போவதும் இருவராகத்தான். தனியாக யாரும் இறங்கக் கூடாது. அவள் இறங்காவிட்டால் இன்றைக்கு அவனும் இல்லை.

கீழே முருகைக்கல் திட்டு, பவளப்பாறை. அதன்மேல் முள் நட்சத்திரங்கள், முருகையைத் தின்னும் நட்சத்திரமீன்கள். அவை படுத்து எழுந்த இடமெல்லாம் வெள்ளை. நேற்று நிறமாயிருந்த கல் இன்று எலும்பு.

முன்பு மீன்பிடிக்கிறவர்கள் இவற்றை வெட்டிக் கடலிலேயே எறிந்தார்கள். செத்துவிட்டது என்று நினைத்தார்கள். நடுச்சதை கொஞ்சம் ஒட்டியிருந்த துண்டுகள் மெல்லக் கை முளைத்து முழுசாகிவிட்டன. வெட்ட வெட்டப் பெருகின.

பயிற்சியில் இதைச் சொன்னபோது நிரோஜன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு துண்டு போதுமாம் அதற்கு.

அவள் அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் விளக்குப் போடாமல் இருந்தாள்.

அதனால் இப்போது ஊசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்து; வினாகிரி உள்ளே போனால் முழுசாகச் சாகும். அவை முட்டை நிறைந்து கிடக்கும் காலம். தண்ணீர் இன்னும் கொஞ்சம் சூடானால் ஏதோ ஒன்று முட்டை விடும். அந்த வாடை பட்டு மற்றவையும் விடும். புகைபோல. கோடிக்கணக்கில். அதற்கு முன்னே முடிக்க வேண்டும். இந்த வேலையில் நாள் தள்ளக் கூடாது.

அவளுக்கு நாள் தள்ளியிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடமும். அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அன்பினால்தான் நிறுத்தினான் என்று அவளுக்குத் தெரியும். கேள்வி போனபின் வீடு இன்னும் பெரிதாகிவிட்டது.

போன முறையும் இப்படித்தான் தள்ளியது. போன முறை இறங்கினாள். அந்தக் கிழமைக்குள்ளேயே எல்லாம் போயிற்று.

கடல்தான் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை.

இல்லை என்றும் சொல்லவில்லை.

நிரோஜன் மேலே வந்தான். வாயிலிருந்த குழாயைத் துப்பினான்.

"என்னக்கா, என்னை விழுத்திப்போட்டு நீங்கள் மேல இருந்து விடுப்புப் பாக்கிறியளோ?"

அவள் நீர்க்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். அவன் முகம் மாறியது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கித் தூக்கிக் காட்டினான். சரிதானா?

தண்ணீருக்கடியில் எல்லாவற்றுக்கும் சைகை இருந்தது. காற்றுக் குறைகிறது. காது அடைக்கிறது. ஏதோ பிழை. மேலே போவோம். என் பக்கத்தில் இரு.

இதற்கு இல்லை.

காதைத் தொட்டால் போதும். காது அடைத்தவளை யாரும் இறங்கச் சொல்ல மாட்டார்கள். நாளைக்கும் கேட்க மாட்டார்கள். அவள் கை காதருகே போனது.

அங்கேயே நின்றது.

இருக்கிறதோ இல்லையோ, தெரியாது. இருந்தால், அதைப் பற்றி இந்த உலகத்தில் சொல்லப்படும் முதல் வார்த்தை ஒரு பொய்யாக இருக்கும்.

கையை இறக்கினாள்.

வள்ளக்காரர் செபமாலை இயந்திரத்தடியில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு முழுகேல்லையோ?"

அவர் கேட்டது கடலில் முழுகுவதை.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இல்லையண்ணை," என்றாள். "முழுகேல்லை."

சொன்னபிறகுதான் அது அவளுக்கே கேட்டது. நாள் தள்ளினவளைப் பற்றி ஊர்ப் பெண்கள் குசினி அடுப்படியில் குரலைத் தாழ்த்திச் சொல்லும் சொல்.

கயிறு சுற்றிய கை நின்றது. அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்த பார்வையை எடுத்துக் கடலில் வைத்தார்.

"நிரோஜன், ஏறு."

"ஏனண்ணை? இன்னும் ஒண்டுக்கும் குத்தேல்லையே."

"ஏறடா எண்டால் ஏறு."

செபமாலை எழுந்து வந்தார். அவள் முதுகிலிருந்த சிலிண்டரைத் தானே கழற்றித் தூக்கினார். வழக்கமாக அதை யாரும் தொட அவள் விடுவதில்லை.

இன்று விட்டாள்.

தோள் இரண்டும் திடீரென்று லேசாயின. அதுவே பயமாக இருந்தது.

கரைக்குத் திரும்பினார்கள். செபமாலை அலையை நேரே உடைத்துக்கொண்டு போகிற மனிதர். இறங்கும்போது முதுகு நோகிறது என்று எல்லோரும் அவரை ஏசுவார்கள். இன்று அலைக்குச் சரிந்து, அதன் போக்கிலேயே, மெல்லப் போனார். ஏனென்று கேட்க நிரோஜன் வாயைத் திறந்தான். அவளைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

பின்னால், நீருக்குள், அவை தின்றுகொண்டிருந்தன.

அவள் கையை மடிக்குக் கொண்டுபோகவில்லை. வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

பெரிய அலை ஒன்று வந்தது.

செபமாலை இயந்திரத்தைத் தணித்தார். அலை அடியால் கடந்து போய் முடியும்வரை வள்ளத்தில் யாரும் அசையவில்லை.