இலவச சர்வீஸ்

“இன்னா நைனா, பொணத்தப் பாக்குற மாதிரி பாத்துகினு கீற? உசுரு கீதா, பூட்ச்சா?”

கெங்கம்மா கேட்டதும் எபினேசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான்.

எண்ணூர் மீனவப் பெண்கள் சங்கத்தின் ஒற்றை அறை அது. சங்கங்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் பார்த்துத் தருகிறேன் என்று காலையில் அவனாகத்தான் வந்து நின்றான். தலைவி கெங்கம்மாவும் மறுபேச்சு பேசாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டாள்.

“உசுரு இருக்குக்கா. பேக்கப் டிஸ்க்தான் ரொம்பிப்போச்சு. பத்து நாளா ஒரு படமும் காப்பி ஆகல.”

“அது எப்டி ரொம்பும்? தெனமும் புச்சா எடுத்த போட்டோவ மட்டும்தான் காப்பி எடுக்கும்னு செட் பண்ணவன் சொன்னானே?”

“இங்க அடிக்கடி கரண்ட் போகுமா?”

“பக்கத்துலியே கரண்ட்டு தயார் பண்றான், நமக்கு மட்டும் புட்டுக்கும். நல்லா கேட்ட போ!”

“அதான் விஷயம். கரண்ட் வந்து மிஷின் திரும்ப ஆன் ஆகும்போது, போட்டோ இருக்கிற டிஸ்குக்கு வேற நம்பர் விழுது. பேக்கப் புரோகிராம் நம்பரப் பாத்துட்டு, இது ஏதோ புது டிஸ்க்குன்னு நெனச்சு, பழசு புதுசு எல்லாத்தையும் மறுபடி காப்பி எடுக்குது. இதோ பாருங்க, ஒரே படம் பதினாலு தடவ.”

“த்தூ! பேர மாத்திச் சொன்னா ஏமார்ற ஏட்டு மாதிரி கீது. அதே மூஞ்சிதான, தெர்ல?”

எபினேசர் வாய்விட்டே சிரித்தான். பிறகு கேட்டான்: “வேற எங்கயாவது இன்னொரு காப்பி இருக்காக்கா?”

“இருந்தா உன்ன எதுக்கு நாற்காலி போட்டு ஒக்கார வெக்கப்போறேன்? நாளான்னிக்கு கோர்ட்டுல காட்டணும்.”

அவன் படங்களைத் திறந்தான். பக்கத்து ரசாயனத் தொழிற்சாலையின் குழாய். கழிமுகத்தில் கொட்டும் மஞ்சள் தண்ணீர். ஏழு வருஷமாக, நாள் தவறாமல் எடுத்தவை. ஒரு படத்தில் செத்த மடவை மீன்களைக் கூடையோடு தூக்கிப் பிடித்து, கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றாள் கெங்கம்மா.

“இது எதுக்குக்கா நாக்கு?”

“கோர்ட்டுல அந்தக் கம்பெனி மேனேஜரும் பாப்பான்ல? அவனுக்கோசரம்.”

எபினேசர் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் வேகமாகத் தட்ட ஆரம்பித்தான். டிஸ்க் நம்பரைப் பார்க்காதே, படம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார் என புரோகிராமுக்குச் சொல்லிவைத்தான். வேண்டாத காப்பிகளை நீக்கி இடம் உண்டாக்கி, விட்டுப்போன பத்து நாள் படங்களையும் ஏற்றினான். கடைசியில் மிஷினை அணைத்துப் போட்டு, புதிதாக ஒரு படம் எடுத்துச் சோதித்தான். அந்த ஒன்று மட்டும் சமர்த்தாகக் காப்பியானது.

“இன்னொரு காப்பி எடுத்து வக்கீல்கிட்ட குடுத்துடுங்கக்கா. இன்னிக்கே.”

வெளியே வந்து பைக்கில் சாவியைப் போட்டபோது போன் அடித்தது.

“சொல்லுங்க மேனேஜர் சார்... நீங்க சொன்னபடியே முழுசா அழிச்சாச்சு சார். பேக்கப்பும் சேர்த்துத்தான். இனிமே கோர்ட்டுல காட்ட அவங்ககிட்ட ஒரு படம்கூட இல்ல.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பின்னால் கெங்கம்மா. அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இன்னாத்துக்கு நைனா பயப்புடுற? போன வாய்தாவுக்கு முன்னாடி அந்த மேனேஜரு அனுப்ச்சவனும் இதே எடத்துல நின்னுகினு இதே பொய்யத்தான் சொன்னான்” என்றாள் அவள். “நம்ம பிரிண்டர ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு!”