துளசிமணியின் கையில் ஒரு தேனீ

தோட்டத்துக்குத் தேனீக்கள் வராமல் போனதிலிருந்து, பூசணிப் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பது துளசிமணியின் வேலையாகிவிட்டது. விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, ஒவ்வொரு பெண் பூவின் நடுவிலும் மெல்லத் தடவுவாள், குழந்தைக்குச் சாந்துப்பொட்டு வைப்பதுபோல. அன்று அவள் கையிலிருந்த பூவில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. நீட்டிய கையை அவள் அப்படியே வைத்துக்கொண்டாள். கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த அவள் கணவன் நாச்சிமுத்து, என்னவோ ஏதோ என்று வேகமாக நெருங்கினான்.

"ஏனுங்க, அங்கயே நில்லுங்க. உங்க மேலெல்லாம் மருந்து வாசம்."

அவன் முதுகிலிருந்த டேங்கை வரப்பில் இறக்கிவைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் போய் சோப்புப் போட்டுக் குளித்தான். ஈரத்துண்டோடு திரும்பி வந்தபோதும் தேனீ அங்கேயேதான் இருந்தது.

"பூவை எங்கிட்டக் குடு. கொஞ்ச நேரம் நான் புடிச்சுக்கறேன். உனக்குக் கை கடுக்கும்."

அவள் மற்றக் கையால் அவன் விரல்களை இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"வாசம் இன்னும் போகலீங்க."

அவன் மறுபடியும் தொட்டிக்குப் போனான். கடுக்கத் தொடங்கியிருந்த கையை அவள் இன்னொரு கையால் தாங்கிக்கொண்டாள்.